வரைபடத்தின் முதுகுத் துணி

ஈரத் தூரிகையால் தடவிக்கொண்டிருந்தேன்.
நூறாண்டு தாண்டிய பசை
மெல்ல, பழஞ்சோறுபோல் இளகியது.
ஜன்னலில்லாத அறை. குளிரூட்டியின் முனகல்.
ஆற்றுக்குத் தெற்கே ஒரு சின்னத் தெரு,
அதன்மேல் சாய்ந்த எழுத்தில்
கிளிங்.

இப்போது அது சூலியா ஸ்திரீட்.
மதியம் பன்னிரண்டரைக்குக்
கழுத்தில் அட்டை தொங்க வங்கிக்காரர்கள்
சோற்றுக்கு வரிசை நிற்கிறார்கள்.
பேரை மாற்றியது அத்தா பிறக்குமுன்னே.
சொல் மட்டும் தெருவை விட்டுக் கிளம்பி
வாய் வாயாகக் குடியேறியது.

"விளக்க அட்டையில் போடலாமா, அந்தக் 'கே'யை?"
ஹஃபிசா முழுதாகச் சொல்லமாட்டாள்.
காப்பி வாங்கப் போன இடத்தில்,
என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:
சின்ன வயதில் அவள் தூங்க மறுத்தால்
'கெலிங் வந்து பிடிச்சிட்டுப் போவான்.'
ஜூரோங்கில் ஒரு தொட்டிலருகே
இத்தனை காலம் பூச்சாண்டியாய்
நின்றிருக்கிறேன் நான்,
கொசுவலைக்கு வெளியே,
எனக்கே தெரியாமல்.

சங்கிலியில் பிறந்த சொல் என்பார்கள்.
கைதிகள் கல் சுமந்து நடக்கையில்
கணுக்காலில் கிளிங் கிளிங்.
நல்ல கதை. அத்தாவும் நம்பினார்.
ஆனால் அந்தக் கப்பல்கள் வருமுன்னே
மலாய் ஏடுகளில் இதே சொல்
ராஜாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.
அதற்கும் முன்னே கலிங்கம், ஒரு நாடு.
நம் பழம்பாட்டிலோ கலிங்கம் என்றால்
உடுத்தும் துணி.
நாட்டின் பேர் துணிக்காயிற்றோ,
துணியின் பேர் விற்றவனுக்கோ,
விற்றவன் பேர் சுமந்தவன் முதுகில்
வியர்வையோடு காய்ந்து
ஒட்டிப்போனது.

தொங்காங்கில் மூட்டை இறக்கிய நாட்களில்
கணக்கப்பிள்ளை கரையிலிருந்து கத்துவான்,
'கெலிங்!'
எட்டுப் பேர் திரும்பிப் பார்ப்பார்களாம்.
"அவனுக்கு உங்க பேர் தெரியாதா அத்தா?"
"தெரியுமே. கூலிச் சீட்டுல எழுதுறவனே அவன்தான்."

தேக்காவில் கீரை விற்கும் ஹொக்கியன் கிழவியும்
அதே சொல்லால்தான் என்னைக் கூப்பிடுகிறாள்.
கூப்பிட்டு, கேளாமலே
ஒரு பிடி கொத்தமல்லி கூடப் போடுகிறாள்.
கோபத்தை எந்தப் பையில் வைப்பதென்று தெரியாமல்
மீன் பையில் வைத்துக்கொண்டு வருகிறேன்.
வீடு சேர்வதற்குள் அது நாறிவிடுகிறது.

இதெல்லாம் ஹஃபிசாவிடம் விரித்துச் சொன்ன
அன்று மாலை,
ஈசூன் புளோக்கில், லிஃப்ட் வாசலில்
யாரோ தரை கழுவிய தண்ணீர்
என் புதுச் செருப்பில்.
போனில் தங்கையிடம் சொன்னேன்,
"இங்க ஒரு பங்களா தண்ணியக் கொட்டி வச்சிருக்கான்டி."
துடைப்பம் நின்றது.
அவன் திரும்பிப் பார்த்தான்.
எட்டுப் பேரில் ஒருவனைப்போல.

பங்களா.
என் மொழியில் அதற்கு வராண்டா உண்டு,
வாசலில் போகன்வில்லா, காவலுக்கு நாய்.
வங்கத்துக் குடிசையிலிருந்துதான்
அந்த வீட்டுக்கே பேர் வந்ததாம்.
இவன் படுப்பது பன்னிரண்டு பேர் அறையில்
மேல்கட்டில்.
சட்டைப்பையில் தைத்திருந்தது: ரொகிபுல்.
'இவன்' என்றே இன்னும் எழுதுகிறேன், பாருங்கள்.
"சாரி மேடம்" என்றது அவர்தான்.
லிஃப்ட் வந்தது. நான் ஏறிவிட்டேன்.
ஒன்பது மாடியும் சோப்பு வாசனை.

காலையில் பழைய முதுகுத் துணியை
முழுதாக உரித்தெடுத்தேன்.
பருத்தி. கைத்தறியாக இருக்கலாம்,
எந்தக் கரையில் நெய்ததோ.
சொல்லுக்கு நேர்பின்னே
மை கசிந்து, தலைகீழாய்ப் படிந்து,
படிக்க முடியாத ஒரு கறை.

ஹஃபிசா அட்டையில் எழுதி, அடித்து,
மறுபடி எழுதிக்கொண்டிருந்தாள்.
"உன் அத்தா இருந்தா என்ன சொல்வார்?"

மூட்டையை எங்கே இறக்கணும்னு கேட்பார்.

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம்.
துணியைக் காயப் போட்டுவிட்டு
என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
விளிம்பில் வெள்ளையாய்
உப்புப்போல் ஒரு கோடு.